பெட்டி உழைத்தது, மூடி உழைக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டுவோர் ஆக்‌ஷன் கேமரா (உடலிலோ வண்டியிலோ மாட்டிக்கொள்ளும் சிறு வீடியோ கேமரா) ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது, விபத்து நேர்ந்தால் அதுவே சாட்சி சொல்லும் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பிக்சல் கணக்கும் விலை விவரமும் அதில் விரிவாக இருந்தன. வாங்கி நான்கைந்து ஆண்டுகள் கழிந்தபின் அந்தக் கேமரா என்ன நிலையில் இருக்கும் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. 2018 இறுதியில் வாங்கிய ஒன்றை ஆறு ஆண்டுகளுக்கு மேலாகத் தூத்துக்குடி - திருநெல்வேலி சாலையிலும், விடுமுறை நாட்களில் கடலிலும் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் கேமரா என்று குறிப்பிடப் போவதில்லை; வேறு நிறுவனங்களின் கேமராக்களை வைத்திருக்கும் நண்பர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதலில் அதற்குரிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பெட்டி ஓடும் வண்டியிலிருந்து இருமுறை தார்ச்சாலையில் விழுந்திருக்கிறது. மூலையில் சிராய்ப்பு விழுந்ததே தவிரப் படத்தில் ஒரு குறையும் இல்லை. தனிக்கூடு எதுவும் இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று அது வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததை நான் நம்பவில்லை, ஆனால் சங்கு குளிக்கும் நண்பர் ஒருவர் அதைத் தலையில் கட்டிக்கொண்டு வல்லத்திலிருந்து குதித்துப் பலமுறை சோதித்துத் தந்தார். ஆழத்தில் எடுத்த படம் முழுவதும் நீலமும் பச்சையுமாக இருந்ததைக் கேமராவின் குற்றமாகச் சொல்ல மாட்டேன். சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே நீர் விழுங்கிவிடுகிறது, அதற்கென விற்கும் சிவப்புக் கண்ணாடியை லென்ஸின் முன் மாட்டினால் ஓரளவு சரியாகிறது. எல்லாவற்றையும் விட என்னை வியக்க வைத்தது படம் குலுங்காமல் பார்த்துக்கொள்ளும் அதன் திறன்தான். நெஞ்சுப் பட்டையில் மாட்டிக்கொண்டு பள்ளமும் வேகத்தடையுமாகக் கிடக்கும் சாலையில் ஓட்டினாலும், கேமரா எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உள்ளிருக்கும் உணரி கண்டறிந்து, ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்திவிடுவதால், பார்ப்பவருக்குப் படகில் போவது போல இருக்கும். பகலில் மட்டும். இருட்டியபின் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டியிருப்பதால் அந்தந்தப் படமே இழுபட்டுப் போகிறது. நகர்த்தி வைத்துப் பயனில்லை.

தொல்லை பேட்டரியில் தொடங்கியது. புதிதாக இருந்தபோதே 4கே தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். மூன்றாம் ஆண்டில் அது அரை மணியானது. ஓடும் வண்டியில் காற்றுப் படுவதால் சூடு தெரியாது, சாலையோரம் நிறுத்திய வண்டியில் சித்திரை வெயிலில் இருபது நிமிடம் ஓடவிட்டால் வெப்ப எச்சரிக்கை காட்டித் தானாகவே அணைந்துவிடும். முழுச் சார்ஜோடு அதை வண்டியின் பக்கப் பெட்டியில் போட்டு வைத்தது என் தவறுதான், ஏனெனில் லித்தியம் பேட்டரிக்குள் வாயு உண்டாகி அது உப்புவதற்கு நிறை சார்ஜும் சூடும் சேர்ந்தால் போதும். ஒருநாள் மூடியைத் திறந்து பேட்டரியை இழுத்தால் வரவில்லை. பிடித்து இழுப்பதற்கென்று அதில் ஒட்டியிருந்த மெல்லிய பட்டை கையோடு பிய்ந்து வந்தது. இடுக்கியால் நெம்புவது ஆபத்து என்று தெரிந்தும், வேறு வழியின்றி மரக்குச்சியால் சிறிது சிறிதாக அசைத்து எடுப்பதற்குள் வேர்த்துவிட்டது. வெளியே வந்தது பேட்டரி போலவே இல்லை, வயிறு உப்பிய தலையணை போல இருந்தது.

அந்தப் போராட்டத்தில் பக்கவாட்டு மூடியின் கொக்கியும் உடைந்தது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி வைக்காத நாட்களின் உப்பு அந்தக் கீலை முன்பே அரித்திருந்தது. மூடியில் ஓடும் மெல்லிய ரப்பர் வளையம்தான் நீருக்கு இருக்கும் ஒரே தடை; அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கசியும் என்னும்போது மூடியே இல்லாத கேமராவைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் கேட்டபோது, உதிரிப்பாகம் விற்பதில்லை, பழுது பார்ப்பதும் இல்லை, பழையதைக் கொடுத்துத் தள்ளுபடியில் புதியதை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். விரல் நகம் அளவு மூடி ஒன்றுக்காக முழுக் கேமராவையும் தூக்கிப் போடச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். எதிரில் இருந்த இளைஞர் சிரித்துவிட்டு, "சார், எனக்கும் அதே கேள்விதான்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

இனி, கட்டுரை சொன்ன சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். அசல் பேட்டரி கிடைக்காததால் கடையில் கிடைத்த வேறு தயாரிப்பில் இரண்டை வாங்கி, வெளியே எடுத்து மாற்றி மாற்றிச் சார்ஜ் போட்டு வந்தேன். பேட்டரி நெடுநேரம் வெளியே இருந்தால் கேமராவின் கடிகாரம் ஆதித் தேதிக்கே திரும்பிவிடும் என்பதும், கைப்பேசிச் செயலியோடு இணைத்தால் அது சரியாகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. 2024 இறுதியில் அதே திருநெல்வேலி சாலையில் வாகைக்குளம் தாண்டியதும் சிறு சரக்கு வாகனம் ஒன்று என் கைப்பிடியை உரசித் தள்ளிவிட்டுப் போனது. காயம் பெரிதில்லை, காட்சி முழுவதும் பதிவாகியிருந்தது. காப்பீட்டுக்காக அதைக் காட்டியபோது காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இதில் 2016 ஜனவரி என்று இருக்கிறதே?" என்பதுதான். நல்ல வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படத்திலும் வாகனத்தின் பதிவெண்ணை வாசிக்க முடியவில்லை. அகன்ற கோண லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளி நிறுத்திச் சிறிதாக்கிவிடுகிறது. நான்கு வண்டி நீளம் போய்விட்டால் எண்பலகை வெறும் மஞ்சள் கட்டம்.

வழக்கு என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் ஒன்றையும் கேட்கிறது. அதில் அந்தக் கோப்பின் ஹாஷ் எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) குறிக்கப்பட வேண்டும். வெட்டி ஒட்டியோ, வாட்ஸ்அப்பில் சுருங்கியோ வந்த வீடியோவின் ஹாஷ் அசலோடு ஒத்துப்போகாது. ஆகவே மெமரி கார்டை அப்படியே கழற்றிப் பத்திரப்படுத்துவதே முதல் வேலை. அதன்மேல் மீண்டும் பதிவு செய்தால் இருப்பதும் அழியக்கூடும்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளம், வேளாண் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அது வரவேற்கத்தக்கது. மருந்து அட்டையில் காலாவதித் தேதி அச்சிடுவது போல, பேட்டரியும் மூடியும் எத்தனை ஆண்டுகளுக்குத் தனியாக விலைக்குக் கிடைக்கும் என்பதைக் கேமராப் பெட்டியின் மேல் அச்சிடச் சட்டம் வந்தால் என்னைப் போன்றோர் அதைப் பார்த்து வாங்குவோம். தங்கள் இதழும் இத்தகைய கருவிகளைப் பரிந்துரைக்கும்போது அந்த ஒரு கேள்வியை விற்பனையாளரிடம் கேட்டு, கிடைத்த பதிலை விலையின் பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் கேமராவை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. பேட்டரி இல்லாமல் பவர் பேங்க் வயரில் ஓடுகிறது, மொட்டை மாடித் தொட்டிக்கு வரும் மைனாக்களைப் படம் பிடிக்கிறது. மேகம் கருத்தால் முதலில் அதைத்தான் உள்ளே எடுத்து வைக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி.