கோதுமையை நிறுத்துவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வயிற்று உப்புசம் பற்றி வெளியான கட்டுரையை, 11 ஆண்டுகளாக அந்த அவதியோடு வாழ்பவன் என்ற முறையில் இரண்டு முறை படித்தேன். சாப்பிட்ட பின் வயிறு உப்பினால் பாலையும் கோதுமையையும் சில வாரங்கள் நிறுத்திப் பார்க்கலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. பாலைப் பொறுத்தவரை அதில் பெரிய தவறில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறைவாகவே சுரக்கிறது. அளவைக் குறைத்தாலே பலருக்கு வயிறு அடங்கிவிடும். கோதுமையின் விஷயம் அப்படியன்று. அங்கே எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி விடுபட்டுவிட்டது. அந்த வரியை அறியாததால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளை இழந்தவன் நான்.

வயிற்றுப்போக்கு ஓயாமல், உடல் எடை 9 கிலோ குறைந்திருந்த காலத்தில், தெரிந்தவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு நானாகவே கோதுமையைக் கைவிட்டேன். ஓரளவு குணம் தெரிந்தது. ஏழு மாதம் கழித்து ஒரு மருத்துவர் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை எழுதிக்கொடுத்தபோது, கோதுமை சாப்பிடுகிறேனா என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நோயில்லை என்று முடிவு வந்தது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்குவதுதான் இந்நோய் என்பதால், குளூட்டன் உள்ளே போவது நின்றதும் பரிசோதனை தேடுகிற எதிர்ப்பொருள்கள் மெல்லக் குறைந்து, குடலின் உட்சுவரும் ஆறத் தொடங்கிவிடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். நோயை வைத்துக்கொண்டே, நோயில்லை என்று எழுதிய தாளை நம்பி, கண்டதையெல்லாம் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பணம் கட்டிச் செய்துகொண்ட, ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் உணவுப் பரிசோதனை ஒன்று, நான் அன்றாடம் சாப்பிட்டவற்றையே குற்றவாளிகளாகக் காட்டியது. சாப்பிட்ட உணவுக்கு அந்த எதிர்ப்பொருள் உருவாவது இயல்பே என்றும், இதை வைத்து நோயறியக் கூடாது என்றும் ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் பலமுறை கூறியுள்ளன.

இறுதியில் வேறொரு மருத்துவர், தினமும் ஒரு வேளைக்கு மேல் என்ற கணக்கில் 6 வாரம் மீண்டும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். அந்த 6 வாரத்தை விவரிக்க, வீட்டிலுள்ள அனைவரும் படிக்கும் நாளிதழ் உகந்த இடமன்று. அதன் பின்னர் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுவும் நோயை உறுதி செய்தன.

கோதுமையை விட்டால் சரியாகிறது என்றால் அது போதாதா, பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோதுமையிலுள்ள ஃபிரக்டான் என்ற சர்க்கரைப் பொருளாலும் வயிறு உப்பும். அப்படி உப்புபவர்கள் அளவோடு சாப்பிட்டால் போதும். சீலியாக் என்றால் வாழ்நாள் முழுவதும் துளிகூடக் கூடாது. கவனிக்காமல் விட்டால் ரத்தசோகையும் எலும்புத் தேய்வும் வரக்கூடும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கும் பரிசோதனை தேவை. பெயர் தெரிந்த பிறகுதான் என் மகளைப் பரிசோதித்தோம்.

கோதுமையைச் சந்தேகிப்பது அறிவீனம் என்று நான் சொல்லவரவில்லை. டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950 இல் தம் ஆய்வேட்டில் இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியதும் அப்படியொரு சந்தேகத்தில் தொடங்கியதுதான். ஆனால் அவர் நிறுத்தியும் திரும்பக் கொடுத்தும் அளந்து பார்த்தார்.

ஆகவே, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்ற வரியைத் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் தாமாக மீண்டும் தொடங்காமல், மருத்துவரிடம் அதைச் சொல்லி, முதலில் மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்கலாம் என்பதையும் சேர்த்து வெளியிட்டால் நன்று. மரபணுப் பரிசோதனைக்குக் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்