கர்ப்பப்பையை எடுத்தால் மட்டும் தீராது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கர்ப்பப்பை இறக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்ற மகளிடம்கூடச் சொல்லக் கூசும் துன்பத்தை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. ஆனால், கர்ப்பப்பையை அகற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று அதில் வரும் வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மகளிர் நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். அகற்றிய சில ஆண்டுகளில், "மறுபடியும் அடி இறங்குகிறதம்மா" என்று வந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

இறங்குவது கர்ப்பப்பை என்றாலும், பழுது அதைத் தாங்கும் தசைகளிலும் தசைநார்களிலும் இருக்கிறது. பந்தல்கால் சாய்ந்திருக்கும்போது தோரணத்தை அவிழ்த்து என்ன பயன்? அகற்றும்போதே பிறப்புறுப்பின் மேல்முனையை உறுதியான தசைநாரோடு சேர்த்துத் தைக்க வேண்டும். சிறுநீர்ப்பையோ மலக்குடலோ பிறப்புறுப்புக்குள் புடைத்திருந்தால் அந்தப் பக்கத்துப் பிறப்புறுப்புச் சுவரையும் சீர்செய்ய வேண்டும். இத்தனை செய்தும் சிலருக்குத் திரும்ப இறங்கும். இருமினால் சிறுநீர் கசிவது சிலருக்கு அறுவைக்குப் பிறகுதான் தெரியவரும். கையெழுத்து வாங்கும் முன்பே இதையெல்லாம் சொல்ல வேண்டாமா?

இளம்பெண்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகளை மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் வகுத்துத் தந்திருக்கிறார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே!

இறங்கிய உறுப்பைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் செயற்கை வலையைக் கட்டுரையாளர் புது வரவாகப் பாராட்டுகிறார். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான புராஸ்பெக்ட் ஆய்வு, வலையில்லாமல் தைத்துச் சீர்செய்வதைவிட, முதல் இரண்டு ஆண்டுகளில் வலையால் கூடுதல் பலன் இல்லை என்றது. வலை வைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் வலையாலேயே சிக்கல் வந்தது. இறக்கத்துக்காக இவ்வழியில் வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்துமாறு 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. வயிற்று வழியாகப் பொருத்தும் வலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் அஞ்ச வேண்டாம்.

அறுவையே வேண்டாத பெண்களும் உண்டு. பிறப்புறுப்புக்குள் வைத்துக் கர்ப்பப்பையைத் தாங்கும் பெசரி வளையமும், அடியிலிருந்து தாங்கும் தசைகளை வலுவாக்கும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும் பலருக்குப் போதும். விலை குறைந்த அந்த வளையத்தை ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் வைத்திருக்க வேண்டும். பயிற்சியைப் பொறுமையாகக் கற்றுத்தர ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டும் வேண்டும். அடுத்த இதழில் இதைப் பற்றித் தனியாக எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்