எண்ணெய் தேய்க்கும் முன் ஒரு எக்ஸ்ரே: பள்ளி பி.டி. ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எலும்புப் புற்றுச் செல்களை வளர்க்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மைதானத்தில் நிற்கும் உங்களிடம் எனக்கு என்ன வேலை என்று தோன்றலாம்.

நாங்கள் வளர்க்கும் யு-2 ஓஎஸ் என்ற செல்கள், 1964-இல் 15 வயதுப் பெண் ஒருத்தியின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலிருந்து எடுத்தவை. சாவோஸ்-2 ஒரு 11 வயதுச் சிறுமியுடையது. எம்ஜி-63 ஒரு 14 வயதுப் பையனுடையது. மூன்றுமே உங்கள் விசிலுக்கு ஓடிவரும் வயது. ஆஸ்டியோசர்கோமா என்ற இந்த நோய் அதிகம் வருவது 10 முதல் 20 வயதுக்குள், பெரும்பாலும் முழங்காலை ஒட்டி.

இரண்டு நாள் வளர்ந்த செல்களை ஃபிளாஸ்க்கிலேயே விட்டுவிட்டு, அவை மூழ்கியிருந்த மீடியம் என்ற ஊட்டத் திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுப்போம். ரோஸ் நிறத்தில் ஊற்றியது மஞ்சள் தட்டியிருக்கும். வடிகட்டினால் அதில் ஒரு செல்கூட மிஞ்சாது. ஆனால் இரத்தக்குழாய்ச் செல்கள் உள்ள தட்டில் அதை விட்டுப் பாருங்கள், அவை சில மணி நேரத்தில் குழாய் குழாயாக வலை பின்னுகின்றன. புற்றுச் செல் கக்கிய விஇஜிஎஃப் போன்ற புரதங்களின் வேலை அது. கட்டி தனக்கு வேண்டிய இரத்தத்துக்குத் தானே வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது.

இன்னொரு புரதம் ராங்க்-எல். எலும்பை அரித்துப் புதுப்பிக்க உடம்பே சில செல்களை வைத்திருக்கிறது. இது அவற்றை அளவுக்கு மீறி ஏவிவிடும். எலும்பு அரிபடும்போது அதற்குள் பூட்டிக் கிடந்த டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் வெளியே வரும். புற்றுக்கு அது உரம். சுவரை இடித்து, இடித்த மண்ணிலேயே பயிர் வைப்பது மாதிரி. ஐஎல்-6, ஐஎல்-8 என்று இன்னும் இரண்டு. நுரையீரலில் போய் இறங்கிய செல்கள் அங்கே காலூன்ற இவை உதவுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

ராங்க்-எல்லை மடக்க டெனோசுமாப் என்ற மருந்து இருக்கிறது. வேறொரு எலும்புக் கட்டிக்கு 2013-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆஸ்டியோசர்கோமாவில் அது கைகொடுக்கவில்லை. கீமோ வருவதற்கு முன், காலையே எடுத்தும் 5 பேரில் 4 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது. இன்று பரவுமுன் பிடித்தால் ஏறக்குறைய 3-இல் 2 பேர் பிழைக்கிறார்கள், பெரும்பாலோர் காலோடு.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு இந்த நோய் வந்தபோது, கபடியில் விழுந்த அடி என்று மூன்று மாதம் உருவிக் கட்டுப் போட்டார்கள். அடிபட்டதால் இந்த நோய் வருவதில்லை. அடிபட்ட பிறகுதான் காலைக் கவனிக்கிறோம், அவ்வளவுதான்.

முழங்கால் வலி எல்லாமே புற்று இல்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாதாரண வலிதான். ஆனால் ஒரே காலில், இரண்டு மூன்று வாரமாகியும் விடாமல், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, தொட்டால் கெட்டியாக ஒரு வீக்கம் என்றால் "வளர்ற வயசு, சரியாயிடும்" என்று சொல்லிவிடாதீர்கள். எண்ணெயும் வேண்டாம், கட்டும் வேண்டாம்.

வீட்டுக்குப் போன் பண்ணும்போது புற்றுநோய் என்ற வார்த்தையையே எடுக்க வேண்டாம். "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுங்கம்மா, அப்புறம் விளையாட வரட்டும்" என்றால் போதும்.

அன்புடன்,
ஓர் ஆய்வகப் பணியாளர்