மருமகனைத் திருப்பி அனுப்ப ஏலுமோ எண்டு கேட்டனீங்கள்

ஸ்காபுறோ,
கனடா.

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். இதை வட்ஸ்அப்பில போடாமல் கடிதமா எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. மெசேஜ் வந்தால் நீங்கள் பெரியண்ணைக்கு அனுப்புவீங்கள், அவர் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவார், பின்னேரத்துக்குள்ள அது மருமகன்ர போனிலயே வந்து நிக்கும். இதை நீங்களும் சித்தப்பாவும் மட்டும் வாசியுங்கோ.

உங்கட மகளை, எங்கட தங்கச்சியை, மருமகன் அடிக்கிறார் எண்டு தெரிஞ்சு, "தங்கச்சிதானே கூப்பிட்டவள், அவளே ஸ்பொன்சரைக் கான்சல் பண்ணித் திருப்பி அனுப்ப ஏலாதோ?" எண்டு கேட்டனீங்கள். ஏலாது. இஞ்ச இருக்கிற எங்கட சனத்திலயே கனபேருக்கு இது விளங்கிறேல்லை. மருமகன் பி.ஆரோட, அதாவது இஞ்ச நிரந்தரமா இருக்கிற உரிமையோட, வந்து இறங்கினவர். அண்டையில இருந்து அந்த பி.ஆர். அவற்ற சொந்த உரிமை. பிரிஞ்சாலும் விவாகரத்து எடுத்தாலும் அது போகாது. 2012 ஒக்டோபரில இருந்து 2017 ஏப்ரல் வரைக்கும், புதுசாக் கலியாணம் கட்டி வந்த ஆக்கள் ரெண்டு வருஷம் சேர்ந்து வாழவேணும், இல்லாட்டி பி.ஆர். பறிபோகும் எண்டு ஒரு நிபந்தனை இருந்தது. அதுக்குப் பயந்து அடிவாங்கிக்கொண்டு கிடந்த பொம்பிளையளுக்காகத்தான் அந்த நிபந்தனையை நீக்கினவை. நல்ல முடிவுதான். ஆனா ஊரில இன்னும் அந்தப் பழைய கதைதான் ஓடுது.

நீங்கள் சொன்ன அடுத்த வளவுப் பிள்ளையின்ர விஷயம் வேற. அவவின்ர மனுசனுக்கு இன்னும் பி.ஆர். கிடைக்கேல்லை, ஃபைல் ஓடிக்கொண்டிருக்கு. இப்பவே போனில வெருட்டிறார் எண்டால், பி.ஆர். கிடைக்க முந்தி அவ தன்ர ஸ்பொன்சர் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கலாம். இமிகிரேஷன் இணையப் படிவத்தில ஃபைல் நம்பரைப் போட்டு எழுத்தில குடுக்கவேணும். மனுசன்ர சம்மதம் தேவையில்லை. பி.ஆர். குடுத்தபிறகு இந்தக் கதவு பூட்டிப்போகும். அதனால "வந்தால் திருந்துவார்" எண்டு அவவுக்கு ஒருத்தரும் புத்தி சொல்லாதேங்கோ.

தங்கச்சிக்கு முதல் வேண்டியது பாதுகாப்பு. உடன ஆபத்தெண்டால் 911. பயத்தில இங்கிலிஸ் வராட்டி "தமிழ்" எண்டு ஒரு சொல்லுக் காணும், மொழிபெயர்ப்பாளரை லைனில எடுப்பினம். அவசரமில்லாமல் ஆரோடயாவது கதைக்கவேணுமெண்டால் அடிவாங்கிற பொம்பிளையளுக்கெண்டு 24 மணித்தியாலமும் இருக்கிற நம்பர் 1-866-863-0511. தப்பி வாற பொம்பிளையள் தங்கிற ஷெல்டரும் எங்க இடமிருக்கெண்டு தேடி அவையே சொல்லுவினம். ஷெல்டருக்குக் காசில்லை, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகலாம், விலாசம் வெளியில சொல்லாயினம். ஒண்டு கவனிக்கவேணும்: ரெண்டு பேரின்ர போனும் ஒரே எக்கவுண்டில இருந்தால் ஆருக்கு எடுத்தது எண்டு பில்லிலயோ ஒன்லைனிலயோ தெரியும். வேலையிடத்துப் போனில எடுக்கிறது நல்லது.

வெளிக்கிடேக்க எடுக்கவேண்டியது: பாஸ்போட், சிற்றிசன் பேப்பர், ஹெல்த் கார்ட், பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரம், மருந்து, தன்ர பேரில இருக்கிற வங்கிக் கார்ட். அதோட ஸ்பொன்சர் பேப்பர்களின்ர கொப்பியும், மருமகனுக்கு பி.ஆர். கிடைச்ச திகதி உள்ள பத்திரத்தின்ர படமும். அந்தத் திகதி பேந்து காசு விஷயத்தில வரும். அவற்ற பாஸ்போட்டையோ பி.ஆர். கார்டையோ ஒளிச்சு வைக்கச் சொல்லாதேங்கோ. "உன்னை நாடு கடத்துவன்" எண்டு மெசேஜ் போடவும் சொல்லாதேங்கோ. அவற்ற லோயர் அதைத் தூக்கிக் காட்டி, கொடுமை செய்தவள் இவள்தான் எண்டு வாதாடுவார். சிலவேளை பொலிஸ் ரெண்டு பேரிலயும் கேஸ் போடும்.

காயத்தைப் படமெடுக்கிறதெண்டால் முகம் தெரியிற மாதிரி ஒண்டு, கிட்டவா ஒண்டு. கண்டினது ரெண்டாம் மூண்டாம் நாள்தான் வடிவாத் தெரியும், அப்ப திரும்பவும் எடுக்கவேணும். கழுத்தை நெரிச்சதெண்டால் வெளியில அடையாளம் இல்லாட்டியும் அண்டைக்கே எமேர்ஜென்சிக்குப் போறது கட்டாயம். உள்ளுக்குள்ள வீக்கம் பிந்தித்தான் வரும். குரல் அடைக்கிறது, விழுங்கக் கஷ்டம், கண்ணில சிவப்புப் புள்ளி, இதுகளை டொக்டர் எழுதி வைச்சால் அது கோட்டில பெரிய ஆதாரம். உங்களுக்கு அவள் அழுது போட்ட வொயிஸ் மெசேஜ்களை அழிச்சுப்போடாதேங்கோ. தமிழில இருக்கிறதால அங்கீகாரமுள்ள மொழிபெயர்ப்பாளர் எழுதித் தந்தால்தான் கோட்டில வைக்கலாம்.

பொலிஸ் வந்தால் ரெண்டு பேரையும் பிரிச்சு வைச்சு விசாரிக்கும். அடிச்சதெண்டு நம்ப நியாயமான காரணம் இருந்தால் கேஸ் போடுறது பொலிசின்ர கடமை. "விட்டுவிடுங்கோ" எண்டு தங்கச்சி அழுதாலும் விடமாட்டினம். அதுக்குப் பிறகு கேஸை நடத்திறது அரச வழக்கறிஞர். சம்பந்தி வீட்டார் உங்களிட்ட வந்து "மகளைச் சொல்லிக் கேஸை வாபஸ் வாங்குங்கோ" எண்டு கெஞ்சினால், வாபஸ் வாங்க அவளின்ர கையில ஒண்டுமில்லை எண்டு நேராச் சொல்லுங்கோ.

இனி எழுதுறதை ரெண்டு தரம் வாசியுங்கோ. பிணையில விடேக்க பெரும்பாலும் நிபந்தனை போடுவினம்: வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ கிட்டப் போகக்கூடாது, நேராவோ மற்ற ஆக்கள் மூலமாவோ தொடர்பு கொள்ளக்கூடாது. மற்ற ஆக்கள் எண்டதுக்குள்ள அவற்ற தாயும் நீங்களும் அடக்கம். அவர் சொல்லி அவற்ற தாய் உங்களுக்கு எடுத்து, நீங்கள் தங்கச்சிக்கு எடுத்து "அவன் மன்னிப்புக் கேக்கிறானாம்" எண்டு சொன்னால், அவர் நிபந்தனையை மீறினதாகும். அது தனிக் குற்றம். சமாதானம் பேசுறம் எண்டு ஊரில இருந்து நடக்கிற ரெலிபோன் பஞ்சாயத்தால மறியலுக்கு (சிறைக்கு) போற ஆக்கள் இருக்கினம். தங்கச்சியே மனமிரங்கி வீட்டுக்குள்ள விட்டாலும் மாட்டுப்படுறது அவர்தான். கோட் நிபந்தனையை மாத்தும்வரைக்கும் அது அப்பிடியே இருக்கும்.

அப்ப பொலிஸ் கேஸ் வந்தால் நாடு கடத்துவினமோ? அதுவும் உடன இல்லை. பி.ஆர். உள்ள ஆளைக் குற்றத்துக்காக அனுப்பவேணுமெண்டால், 10 வருஷம் அல்லது கூடத் தண்டனை குடுக்கக்கூடிய குற்றத்தில தீர்ப்பாகவேணும், அல்லது 6 மாதத்துக்கு மேல மறியல் கிடைச்சிருக்கவேணும். சாதாரணமா அடிச்சதுக்கு உச்சம் 5 வருஷம், அது காணாது. ஆயுதத்தால அடிக்கிறது, உடம்புக்குச் சேதம் வருத்திறது, கழுத்தை நெரிக்கிறது, பின்தொடர்ந்து வெருட்டிறது, இதுகளுக்கு உச்சம் 10 வருஷம். ஆனா முதல் தரம் பிடிபட்ட ஆளை, ஆத்திரத்தை அடக்கப் படிப்பிக்கிற வகுப்புக்கு அனுப்பி, முடிச்சால் தீர்ப்புப் பதியாமல் விடுறது இஞ்ச சாதாரணம். ஒரு வருஷத்துக்கு ஒழுங்கா இருக்கிறன் எண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுறதும் இருக்கு. ரெண்டுமே குற்றத் தீர்ப்பில்லை, பி.ஆருக்கு ஒண்டும் நடக்காது. நாடு கடத்திறதை நம்பிக்கொண்டிருந்தால் தங்கச்சிக்கு வருஷக்கணக்கா மனவருத்தம்தான் மிஞ்சும்.

கனடா வரத்தான் கலியாணம் கட்டினவர் எண்டு ஆதாரம் இருந்தால், நாட்டுக்குள்ள வாறதையும் நாடு கடத்திறதையும் பாக்கிற கனடா எல்லைச் சேவைக்கு முறைப்பாடு குடுக்கலாம். பொய் சொல்லித்தான் பி.ஆர். எடுத்ததெண்டு நிரூபிச்சால் பி.ஆர். போகும். அதுக்கு வந்தபிறகு அடிச்சது ஆதாரமில்லை. கலியாண நேரத்திலயே குடும்பம் நடத்திற எண்ணமில்லை எண்டு காட்டவேணும். விசாரணை, மேன்முறையீடு எண்டு இழுபடும், முடிவைத் தங்கச்சிக்குச் சொல்லவும் மாட்டினம். ஒரு ஆறுதல், பி.ஆர். கிடைச்ச நாளில இருந்து 5 வருஷத்துக்கு அவர் வேற பெண்ணை ஸ்பொன்சர் பண்ண ஏலாது.

இப்ப காசு. "நான் வெல்பெயாருக்குப் போவன், நீதான் கட்டவேணும்" எண்டு அவர் வெருட்டிறாராம். அதில பாதி உண்மை. ஸ்பொன்சர் பண்ணேக்க தங்கச்சி கையெழுத்து வைச்ச பொறுப்பு, பி.ஆர். கிடைச்ச திகதியில இருந்து 3 வருஷம். பிரிஞ்சாலும் அது நிக்காது. அந்த 3 வருஷத்துக்குள்ள அவர் எடுக்கிற அரச உதவிக் காசு தங்கச்சியின்ர கடனாகும். எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில தனி ஆளுக்கு மாதம் கூடினது 733 டொலர். 36 மாதமும் விடாமல் எடுத்தாலும் 26,388 டொலர். பெரிய காசுதான், ஆனா அதுக்காக அடிவாங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 2011ல ஒன்ராறியோ ஸ்பொன்சர்மார் எட்டுப் பேரின்ர வழக்கில உச்ச நீதிமன்றம் சொன்னது: கடனைத் தள்ளுபடி செய்ய ஏலாது, ஆனா அரசாங்கம் அறவிட முந்தி அறிவிச்சு, ஆளின்ர நிலைமையைக் கேட்டு, அறவிடுறதைப் பிற்போடலாம். அதனால கடிதம் வந்தால் லாச்சிக்குள்ள போட்டு வைக்காமல், பொலிஸ் அறிக்கையும் கோட் கட்டளையும் வைச்சு, நடந்த கொடுமையை எழுதிப் பிற்போடச் சொல்லிக் கேக்கவேணும். கடன் தீராமல் இருக்கிற வரைக்கும் தங்கச்சியால வேற ஒருத்தரையும், உங்களையும்கூட, ஸ்பொன்சர் பண்ண ஏலாது.

வீடு வாடகையெண்டால் லேசு. கொடுமைக்குத் தப்பிப் போற ஆள் என்-15 எண்ட படிவத்தோட 28 நாள் நோட்டிஸ் குடுத்தால் காணும், வருஷக் கணக்கு ஒப்பந்தம் இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்காரர் அதை வெளியில சொல்லக்கூடாது. தங்கச்சியின்ர பேரில வாங்கின வீடெண்டால் பூட்டை மாத்தி அவரை வெளியில விட ஏலாது. பத்திரம் ஆற்ற பேரில இருந்தாலும் குடும்ப வீட்டில புருஷன் பெண்சாதி ரெண்டு பேருக்கும் இருக்க உரிமை. குடும்ப நீதிமன்றத்தில அவளுக்கு மட்டும் வீட்டைத் தரச் சொல்லியும், கிட்ட வராமல் தடை உத்தரவும் ஒண்டாக் கேக்கலாம். அவசரமெண்டால் அவருக்கு முன்கூட்டி அறிவிக்காமலே கேக்கலாம். சட்ட உதவி நிலையத்தில குடும்ப வன்முறைக்கெண்டு லோயரோட 2 மணித்தியாலம் இலவசமா ஒழுங்கு செய்து தருவினம். சேர்ந்து வாழ்ந்தது 5 வருஷத்துக்குக் குறைவெண்டதையும் அங்க சொல்லவேணும், சொத்துக் கணக்கில அது உதவக்கூடும். அவள் வேலை செய்யிற இடத்தில 13 கிழமைக்கு மேல இருந்தால் இதுக்கெண்டு லீவும் எடுக்கலாம், முதல் 5 நாள் சம்பளத்தோட.

அங்க நீங்கள் செய்யவேண்டியது சீதனக் காணி விஷயம். யாழ்ப்பாணத் தமிழருக்கெண்டு இருக்கிற தேசவழமைச் சட்டப்படி, கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர காணியையே புருஷன்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் விக்க ஏலாது. அவர் சம்மதிக்காட்டி மாவட்ட நீதிமன்றத்தில அனுமதி கேக்கவேணும். அதனால இப்ப அந்தக் காணியை வித்துக் காசனுப்புறம் எண்டு வெளிக்கிடாதேங்கோ. ஆனா தங்கச்சி மருமகன்ர தமையனுக்கு அற்றோர்ணித் தத்துவம் (தன்ர சார்பில அலுவல் பாக்க எழுதிக் குடுக்கிற அதிகாரம்) ஏதும் குடுத்திருந்தால் உடன எனக்குச் சொல்லுங்கோ, அதை ரத்துச் செய்து அங்க பதியவேணும். காணி உறுதியின்ர மூலத்தை சம்பந்தி வீட்டில விட்டு வைச்சிருந்தால் உறுதி எழுதின நொத்தாரிசைக் கேட்டு ஒரு அத்தாட்சிப் பிரதி எடுங்கோ.

கலியாணப் பதிவுப் பத்திரம் இங்கிலிஸ் மொழிபெயர்ப்போட ரெண்டு பிரதி பிரதேச செயலகத்தில எடுத்து என்ர விலாசத்துக்கு அனுப்புங்கோ, தங்கச்சியின்ர விலாசத்துக்கு வேண்டாம். அவளுக்கு நீங்களா எடுக்காதேங்கோ, வேலை முடிஞ்சு எங்கட வீட்டில இருந்து அவளே எடுப்பாள். அப்ப "ஏன் பொறுக்கேல்லை" எண்டு கேக்காமல், சாப்பிட்டவளோ எண்டு கேளுங்கோ.

இப்படிக்கு,
உங்கட பெறாமகள்