கொடைக் கமிட்டி பெரியவங்களுக்கு: கணக்கு கேட்டா திமிரா?

கமிட்டியில இருக்க அண்ணாச்சிமாரு, மாமாமாரு, சித்தப்பாமாரு எல்லாருக்கும் வணக்கம். நேர்லயே சொல்லியிருக்கலாம்தான், ஆனா நேர்ல வாயைத் தொறந்தா என்ன ஆவுதுன்னு போன கூட்டத்துல பாத்தாச்சு, அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இங்கன எழுதுதேன்.

நம்ம கோயில் திருவிழா, அதான் ஆடிக் கொடை, நல்லாவே நடந்துச்சு, அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. வில்லுப்பாட்டு அருமை, செவ்வாக்கிழமை சாமக்கொடை முடியும்போது விடிஞ்சே போச்சு, ஜெனரேட்டர்தான் நடுவுல நடுவுல மக்கர் பண்ணுச்சு. பிரச்சனை பொறவு நடந்த வரவு செலவு கூட்டத்துலதான். பாளையங்கோட்டையில ஆடிட்டர் ஆபீஸுக்கு வேலைக்குப் போற நம்ம தெருப் புள்ள எந்திரிச்சு, "மாமா, பந்தல், ஜெனரேட்டர், மைக் செட் எல்லாத்தையும் ஒரே தொகையா வாசிச்சிட்டியளே, கொஞ்சம் பிரிச்சு சொல்லுதியளா, ரசீது இருக்கா"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. பொருளாளர் அண்ணாச்சி அந்த நீள நோட்டை மூடி, ஜவுளிக்கடை மஞ்சப்பைக்குள்ள போட்டு, பையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டாவ. "படிச்ச திமிரு"ன்னு முன்னாடி சேர்ல இருந்து ஒரு சத்தம். "பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு ஆவாது"ன்னு இன்னொண்ணு. கூட்டம் முடிஞ்சிட்டு. டீ கூட இன்னும் வரல.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன், பொருளாளர் அண்ணாச்சி கோயில் காசுல ஒரு ரூவா தொட்டிருப்பாவன்னு நான் நெனைக்கல. அந்தப் புள்ளயும் நெனைக்கல. கொடைக்கு காசு பத்தாம போன வருசம் அவிய கைக்காசைப் போட்டதும் ஊருக்கே தெரியும். எனக்கு என்ன தோணுதுன்னா அங்கனதான் வில்லங்கமே இருக்கு. திருடுறவன்கிட்ட ஒரு பயம் இருக்கும், கணக்கு கேட்டா முழிப்பான், ஒரு பொய் ரசீதாவது எழுதிட்டு வருவான். கை சுத்தமா இருக்கவருக்கு அந்தப் பயமே இல்ல பாத்தியளா, நான்தான் திங்கலையே, பொறவு என்கிட்ட எவன் கேக்கதுன்னு ஒரு நெனப்பு வந்து உக்காந்துக்கிடுது. அந்த நெனப்பைத்தான் நான் திமிருங்கேன். குரல் ஒசந்தா திமிரு, சட்டைக் காலரைத் தூக்கி விட்டா திமிரு, கால் மேல கால் போட்டா திமிருன்னு நாம வெளிய தெரியுத சங்கதியவே பாத்துக்கிட்டு இருக்கோம். பதில் சொல்ல வேண்டிய எடத்துல, நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லன்னு உள்ளுக்குள்ள முடிவு பண்ணிட்டு கையைக் கும்பிட்டபடி மெதுவா பேசுதவரை நாம பணிவானவருன்னு சொல்லிட்டுப் போயிருதோம்.

செத்துப்போன நம்ம எட்மாஸ்டர் சாரை நெனச்சுப் பாருங்க. அவிய மாதிரி சிடுசிடுன்னு விழுத ஆளை நான் பாத்ததில்ல, கமிட்டித் தலைவரா இருந்த காலத்துல எல்லாரையும் ஏல, வால, போலதான். ஆனா கொடை முடிஞ்ச மறுவாரமே கோயில் சுவத்துல இருந்த கரும்பலகையில வரவு இன்னது செலவு இன்னதுன்னு சுண்ணாம்புக்கட்டியால எழுதிருவாவ, பூக்கட்டுறவருக்குக் குடுத்த காசு வரைக்கும். ஒரு தடவ எட்டாங்கிளாஸ் பய ஒருத்தன் நின்னு பாத்துட்டு "சார் கூட்டல் தப்பு, 300 ரூவா இடிக்கி"ன்னுட்டான். நாங்க எல்லாம் அவனுக்கு இன்னைக்கு பூசைதான்னு நின்னோம். சார் கண்ணாடியை மூக்குல ஏத்தி விட்டு ரெண்டு தடவ கூட்டிப் பாத்தாவ, துண்டு நுனியால அந்த வரியை அழிச்சாவ, "சரிதாம்ல, இங்க வா, மிச்சத்தையும் நீயே கூட்டு"ன்னு சுண்ணாம்புக்கட்டியை அவன் கையில குடுத்துட்டு வெத்தலையை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாவ. அவியளுக்கு வாய்தான் கோளாறு, திமிரு கெடயாது. அந்தப் பலகை இப்பவும் அங்கனதான் இருக்கு, அதுல யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து ஃபிளெக்ஸ் மாட்டியிருக்கோம்.

கூட்டம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே நம்ம வாட்ஸ்அப்ல அடக்கம் பத்தின குறளை பூப்போட்ட படமா அனுப்பினிய. யாருக்கு அனுப்பினியன்னு எல்லாருக்கும் தெரியும். அதே அதிகாரத்துல அஞ்சாவது குறளையும் படிச்சிருக்கலாம், பணிவு எல்லாருக்குமே நல்லதுதான், ஆனா வசதியா இருக்கவனுக்குத்தான் அது இன்னொரு செல்வம் மாதிரின்னு வள்ளுவர் அதுலயே சொல்லிருக்காரு. ஒண்ணும் இல்லாதவனைப் பாத்து அடங்குன்னு சொல்லது ரொம்ப லேசு.

இந்த மண்ணுல கணக்கு கேட்ட கதை ஒண்ணும் புதுசில்ல. 1798-ல ஜாக்சன் துரை கலெக்டர். வரிப்பாக்கிக்கு வந்து பதில் சொல்லுன்னு கட்டபொம்மனுக்கு ஓலை. குற்றாலத்துக்குப் போனா பாக்க முடியாது, ஸ்ரீவில்லிபுத்தூர் போனா பாக்க முடியாது, இப்படியே அலைய விட்டு கடைசியில ராமநாதபுரத்துல நிக்க வச்சே விசாரிச்சான். கணக்கைப் பிரிச்சுப் பாத்தா பெரும்பாக்கியைக் கட்டியாச்சு, மிச்சம் 1080 பகோடாதான், அது அந்தக் காலத்துக் காசு. பொறவு நடந்த தள்ளுமுள்ளுல கிளார்க்னு ஒரு லெப்டினன்ட் செத்ததும், கட்டபொம்மனோட மந்திரி மாதிரி இருந்த தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை மாட்டுனதும் ஊரறிஞ்ச கதை. மெட்ராஸ் கவர்மென்டே விசாரணை கமிட்டி போட்டு ஜாக்சனைப் பதவியில இருந்து எடுத்துட்டு லூஷிங்டனைக் கலெக்டரா கொண்டாந்தது. ஆனாலும் அடங்காதவன்னு பேரு வந்தது யாருக்கு, 1799 அக்டோபர்ல கயத்தாறுல தூக்குல தொங்கினது யாரு? சேர்ல உக்காந்து இருக்கவன் திமிரை யாரும் திமிருன்னு எழுதிவைக்க மாட்டான்.

பழைய கதைதானேன்னா புதுசும் இருக்கு, சொல்லவே வாய் வரமாட்டேங்கு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு பிளஸ் டூ பையனை கூடப் படிச்ச பயலுவளே வீட்டுக்குள்ள புகுந்து வெட்டினானுவ, தடுக்கப்போன தங்கச்சிக்கும் வெட்டு. அவன் பண்ணின குத்தம், இவனுவ தொல்லை தாங்கலன்னு ஸ்கூல்ல வாயைத் தொறந்து சொன்னது. அதுக்குப் பொறவுதான் நீதிபதி சந்துரு கமிட்டி போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை வந்து, கையில சாதியைக் காட்டுத கலர் கயிறு கட்டக் கூடாது, அது கூடாது இது கூடாதுன்னு எவ்வளவோ பேசியாச்சு. நம்ம கூட்டத்தை அதோட சேத்து வைக்கேன்னு கோவப்படாதிய. ஆனா "இவன்லாம் பேசுதானா"ங்கிற நெனப்பை அந்தப் பயலுவ எங்க கத்துக்கிட்டானுவ, அவனுவ ஊர்லயும் ஒரு கூட்டத்துல பெரியாளுவ பேசத பின்னாடி நின்னு கேட்டுருப்பானுவள்ல.

அந்தப் புள்ளயோட அம்மா பீடி சுத்துதாவ, தெரியும்ல. சொளவை மடியில வச்சு, இலையை நறுக்கி, தூளைப் போட்டு, குனிஞ்ச தலை நிமிராம சுத்தி, கட்டுக் கட்டாக் கொண்டுபோய் கடையில குடுத்தா, செக்கர் கட்டைப் பிரிச்சு முகத்தைக் கூட பாக்காம இது சொத்தை இது லூசுன்னு கழிச்சு ஓரமா வீசுவாரு. ஏன் கழிச்சியன்னு கேட்டா மறுநா இலை கெடைக்குமான்னு ஒரு பயம், அதனால யாரும் கேக்க மாட்டாவ. அந்தக் காசுலதான் கொடைக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கிற தலைக்கட்டு வரி குடுத்தாவ, முழுசா, தவணை கேக்காம. அதுல ரசீது கேக்க அவ மவளுக்கு உரிமை இல்லன்னா வேற யாருக்குய்யா இருக்கு?

இளவட்டங்க எல்லாம் ரொம்ப யோக்கியம்னும் சொல்லல. பெங்களூர்ல இருந்து கார்ல வந்து இறங்கி, அன்னதானத்துல வரிசையில நிக்க மாட்டேன்னு நின்ன பயலுவளையும் பாத்தேன், இலை போடுற தாத்தாவை ஏய்னு கூப்பிட்டான் ஒருத்தன். அவனை யாரும் திமிருன்னு சொல்லல, ஏன்னா அவன் நன்கொடை பெருசு. மேடையில பொன்னாடை வேற.

சரி, விசயத்துக்கு வாரேன். அடுத்த கூட்டம் எப்பன்னு குரூப்ல போடுங்க, ஞாயித்துக்கிழமையா இருந்தா பீடிக்கடைக்குப் போறவங்களும் வரலாம். பொம்பளையாளுவளுக்கும் சேர் போடுங்க, வேப்பமரத்தடியில நிக்க வைக்காதிய. நோட்டையும் ரசீதையும் மேசை மேல வைங்க, இல்லாத ரசீது இல்லன்னே சொல்லுங்க, யாரும் ஒண்ணும் கடிச்சுத் தின்னுற மாட்டோம். மைக் செட்டுக்காரர் குடுத்த அட்வான்ஸ் சீட்டு ஒண்ணு என்கிட்டதான் கெடக்கு, அதை நான் கொண்டாரேன். ஃபிளெக்ஸை சனிக்கிழமை சாயந்திரம் நாங்க ரெண்டு மூணு பேரா சேந்து கழட்டிருதோம்.

இப்படிக்கு,
தெக்குத்தெரு தலைக்கட்டு ஒருத்தன்