ஏட்டி, அந்தத் தலைப்பு விஷயமா

ஏட்டி மக்கா,

ராத்திரி நீ வாட்ஸ்அப்ல அனுப்புனத பாத்தேன். "அப்பா இது நான் வச்ச தலைப்பு, ரெண்டு லட்சம் வியூஸ் போயிருக்கு, மேனேஜர் எல்லாருக்கும் முன்னாடி பாராட்டுனாரு"ன்னு போட்டிருந்த. ஒரு தம்ஸ்அப் போட்டுட்டு படுத்துட்டேன், ஆனா ஒறக்கம் வரல. ஃபோன்ல பேசுனா எனக்கு பாதியில கோவம் வந்துரும், நீயும் அழுவ, அதான் காலையில வீடு வீடா பேப்பர் லைன் எல்லாம் போட்டு முடிச்சுட்டு கடைத் திண்ணையில உக்காந்து பைய டைப் பண்ணுதேன். நீளமா போவும், கடைசி வரைக்கும் படிச்சிரு.

"சுகர் மாத்திரைக்கு இனி குட்பை? சமையலறையில் இருக்கும் இந்த ஒரு பொருள் போதும்!" ஒங்க வெப்சைட்ல வந்த கட்டுரைக்கு இதான நீ வச்சது. உள்ள போயி முழுசா படிச்சேன். ஒம்பது பாரா தாண்டித்தான் அந்தப் பொருளு வெந்தயம்னே வருது. நடுவுல ஆறு விளம்பரம், அதுல ஒண்ணு சுகருக்கு பவுடர் விக்கவன் விளம்பரம். எல்லாத்துக்கும் அடியில சின்னதா, டாக்டர கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு ஒரு வரி. கேள்விக்குறி போட்டுட்டா அது பொய் ஆவாதுன்னு ஒங்க ஆபீஸ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. படிக்கவங்க யாரு மக்கா கேள்விக்குறிய பாக்கா, "போதும்"ங்கிறது தான் கண்ணுல நிக்கும்.

தலைப்பு ஆள இழுக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். 1988ல இருந்து சேர்மாதேவியில பேப்பர் ஏஜென்ட்டா இருக்கவன் அப்படி சொல்ல முடியுமா. காயாமொழிக்காரரு ஆதித்தனார் 1942ல தினத்தந்திய ஆரம்பிச்சப்போ டீக்கடையில எழுத்துக் கூட்டிப் படிக்கவனுக்கும் வெளங்கணும்னு தான எழுத வச்சாரு, தினமலரு திருவனந்தபுரத்துல பொறந்து 1957ல நம்ம நெல்லைக்கு வந்த பேப்பரு, இந்தச் சீமையில எத்தன பேரு பள்ளிக்கூடம் போவாம பேப்பர வச்சே வாசிக்கப் படிச்சிருக்காங்க. அதுக்கெல்லாம் நல்ல தலைப்பு தான் காரணம். நான் சொல்ல வாரது வேற.

சாயங்காலப் பேப்பருக்கு கடை வாசல்ல தட்டியில போஸ்டர் தொங்கவிடுவோம்லா, ஒனக்கு ஞாபகம் இருக்கும். 1996ன்னு நினைக்கேன், நீ பொறக்கல. ஒரு நாள் "பஸ் ஆத்துக்குள் பாய்ந்தது 11 பேர் பலி"ன்னு ஒரு போஸ்டர் வந்துது. ஊரு பேரு இல்ல. எந்த ஆறுன்னும் இல்ல. நம்ம ஊர்ல ஆறுன்னா ஒரே ஆறு தான. நான் அத தட்டியில ஒட்டுன பத்தாவது நிமிஷம் மேலத்தெருவுல இருந்து ஒரு ஆச்சி செருப்பு கூட போடாம ஓடி வந்தா, அவ மவன் பாபநாசம் ரூட்டுல கண்டக்டர், அவளுக்கு படிக்கத் தெரியாது, யாரோ போஸ்டர வாசிச்சு சொல்லியிருக்காங்க. ஏ அண்ணாச்சி உள்ள என்ன போட்டிருக்குன்னு பாருங்க பாருங்கன்னு என் கையப் பிடிச்சு ஆட்டுதா, எனக்கு பக்கம் பொரட்ட வரல, கை நடுங்குது. மூணாம் பக்கத்துல ஒரு மூலையில இருந்துது, பீகார்ல ஏதோ ஒரு ஆறு. ஆச்சி அப்படியே படியில உக்காந்துட்டா, தண்ணி குடுத்தேன், பாதி சேலையில ஊத்திக்கிட்டா. அன்னைக்கு வழக்கத்த விட 60 பேப்பர் கூட வித்துது, கல்லாவுல துட்ட எண்ணையில அந்த ஆச்சி மூஞ்சி தான் முன்னால வந்துது. அந்தப் போஸ்டர்ல பொய்யி ஒண்ணும் கெடையாது மக்கா. பஸ்ஸு பாஞ்சது நெசம், 11 பேரு செத்தது நெசம். ஊரு பேர மட்டும் விட்டுட்டாங்க, அந்த விட்டத வச்சுத்தான் வித்தாங்க.

நீயும் வெந்தயம்ங்கிறத விட்டுட்டு "இந்த ஒரு பொருள்"னு போட்டிருக்க பாரு, அதே வேல தான்.

ஏன் இப்படி பண்ணுதாங்கன்னு கேட்டா எல்லாம் எண்ணிக்கை தான். பேப்பர் விலையில காகிதமும் மையும் கூட சரியா தேறாது, கம்பெனிக்கு விளம்பரத் துட்டு தான் கஞ்சி. எத்தன காப்பி போவுதுன்னு கணக்கு பாக்க ஏபிசின்னு ஒரு அமைப்பு 1948ல இருந்து இருக்கு, அந்த நம்பர காட்டித்தான் விளம்பரத்துக்கு ரேட்டு பேசுவாங்க. டிவி வந்த பொறவு டிஆர்பி, எந்தச் சேனல எத்தன பேரு பாக்காங்கங்கிற கணக்கு. நாடு முழுக்க கோடிக்கணக்கான வீட்ல டிவி ஓடுது, ஆனா மீட்டர் பெட்டி இருக்கது அதுல கொஞ்சூண்டு வீட்ல தான், அந்த வீட்டுக்காரங்களுக்கு துட்டு குடுத்து சில சேனலையே ஓட விடச் சொன்னதா 2020 அக்டோபர்ல மும்பை போலீஸ் கேஸ் போட்டு, நியூஸ் சேனல் ரேட்டிங்கையே 2022 மார்ச் வரைக்கும் நிறுத்தி வச்சிருந்தாங்கல்லா. இப்ப ஒங்க காலத்துல வியூஸ். பேரு தான் மாறுது. ரெண்டு லட்சம் பேரு ஒன் தலைப்ப தொட்டாங்கன்னா ரெண்டு லட்சம் தடவ அந்த பவுடர்காரன் விளம்பரமும் அவங்க கண்ணு முன்னால போயிருக்கு, ஒங்க ஆபீசுக்கு அதுக்குத்தான் துட்டு.

இனிமே சொல்லப் போறது ஒங்க அம்மைக்குத் தெரியாம எழுதுதேன்.

2019ல அம்மைக்கு எடது கால் சுண்டுவெரல எடுத்தாங்கல்லா, கல்லுல இடிச்சு புரையோடிட்டுன்னு ஒன்கிட்ட சொன்னோம். அது பொய்யி. நீ கோயம்புத்தூர்ல செமஸ்டர் எழுதிக்கிட்டு இருந்த, அதான் சொல்லல, பொறவு சொல்லுததுக்கு அவளுக்கு வெக்கம்.

காலையில ஒம்பதரைக்கு டிவியில ஒரு டாக்டர் வருவாரு. வெள்ளக் கோட்டு, பின்னால மூலிகை படம், பக்கத்துல ஒரு பொண்ணு பட்டுச் சேலை கட்டிக்கிட்டு கேள்வி கேக்கும், இடையில ஃபோன் வரும், "ஐயா எனக்கு 15 வருஷமா சுகரு, ஒங்க மருந்து மூணு மாசம் சாப்ட்டேன், இப்ப ஜிலேபி சாப்பிடுதேன்"ன்னு ஒருத்தன் பேசுவான். அம்மை அத செய்தி மாதிரித்தான் நெனச்சா. ஏன்னா செய்தி முடிஞ்ச கையோட அதே சேனல்ல வருது, அதே மாதிரி மேசை, அதே மாதிரி பேச்சு. அந்த அரை மணி நேரத்த அந்த ஆளு சேனல்கிட்ட வெலைக்கு வாங்கி வச்சிருக்கான்ங்கிறது நம்மளுக்கு எங்க தெரியும். கேபிள்காரத் தம்பி தான் பொறவு சொன்னான், அது ஸ்லாட்டு அண்ணாச்சி, அவங்க காசு கட்டி ஓட்டுதாங்கன்னு. ஆரம்பத்துல ரெண்டு செகண்டு கீழ பொடி எழுத்துல விளம்பர நிகழ்ச்சின்னு ஓடுமாம், அம்மை கண்ணாடி போட்டாலும் அது தெரியாது.

கூரியர்ல டப்பா வந்துது. நான் கேட்டதுக்கு சத்து மாவுன்னா. மாத்திரைய நிறுத்திட்டா, என்கிட்ட சொல்லல, பீரோவுல சேலைக்கு அடியில அட்டை அட்டையா இருந்தது எனக்கு பொறவு தான் தெரியும். ரெண்டு மாசம். குதிகால்ல இருந்து வெரல் வரைக்கும் மரத்துப் போயிருக்கு, செருப்புல ஆணி நீட்டிக்கிட்டு இருந்தது கூட அவளுக்குத் தெரியல, நான் சாக்ஸ் மாதிரி ஏதோ கறை இருக்கேன்னு பாத்தா சுண்டுவெரல் கறுத்துப் போயிருக்கு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், சுகர் 430. அங்க ஒரு சின்னப்புள்ள டாக்டர், ஒன் வயசு தான் இருக்கும், வெரல எடுக்கலன்னா காலு போயிரும்னு சொல்லிட்டு, ஏம்மா மாத்திரைய நிறுத்துனீங்கன்னு மெதுவா கேட்டுது. அம்மை சுவரப் பாத்து திரும்பிப் படுத்துட்டா.

அந்தப் புள்ளை தான் சொல்லிச்சு, இன்ன இன்ன நோயக் கொணப்படுத்துதேன்னு விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு 1954லயே சட்டம் இருக்காம், 54 நோய் பேரு லிஸ்ட்ல இருக்காம், சுகரும் அதுல உண்டு. சட்டம் இருந்து என்ன செய்ய, டப்பா வீட்டுக்கு வந்துட்டுல்லா.

இப்ப நீ அனுப்புன லிங்க நான் குரூப்ல போட்டிருந்தா என்ன ஆயிருக்கும். மவ எழுதுனதுன்னா அம்மை கேள்வி கேப்பாளா.

2023 டிசம்பர் வெள்ளத்தப்போ நீ சென்னையில இருந்து பேசிப் பேசிப் பாத்து லைன் கெடைக்காம அழுதியே, அன்னைக்கு இங்க நடந்ததையும் சொல்லுதேன். காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் அப்படியே நின்னு போச்சு, எல்லாம் நெசந்தான். இதுக்கு நடுவுல நம்ம தெருவுக்கு ஒரு வாய்ஸ் நோட்டு வந்துது, ஒரு பொம்பள அழுதுக்கிட்டே, டேம் ஒடஞ்சிட்டு, இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஊரே இருக்காது, பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடுங்கன்னு. எதுத்த வீட்ல 12 நாள் பிள்ளைய துண்டுல சுத்தி மழையில தூக்கிக்கிட்டு ஓடுனாங்க, இடுப்பளவு தண்ணியில. தண்ணி தொறந்து விட்டாங்க தான், டேம் எங்கயும் ஒடையல. அந்தப் பிள்ளைக்கு சளி நெஞ்சுல கட்டி பத்து நாளு ஆஸ்பத்திரியில கெடந்துது. நான் அந்த வாய்ஸ பொறவு நாலு தடவ போட்டுக் கேட்டேன். பேசுதது யாரு, எந்த ஊரு, ஒண்ணும் இல்ல. "இன்னைக்கு"ன்னு சொல்லுதா, எந்த இன்னைக்கு? பேப்பர்ல "நெல்லை, டிச. 18"னு ஊரும் தேதியும் போட்டுத்தான செய்தி ஆரம்பிக்கும். அடியில ஆசிரியர் யாரு, அச்சிட்டது யாருன்னு ஒரு வரி இருக்கும்லா, நீ சின்னப்புள்ளையில அது என்னத்துக்குப்பான்னு கேப்ப. வெள்ளைக்காரன் 1867ல போட்ட சட்டத்துல இருந்து வந்தது அது. தப்பா எழுதுனா போயி சட்டையப் பிடிக்கதுக்கு ஒரு ஆளு வேணும்லா. ஃபார்வேர்டுல அந்த வரி தான் கெடையாது.

2018ல திருவண்ணாமலைப் பக்கம் கொலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு 65 வயசு அம்மாவ, பிள்ளைகளுக்கு சாக்லேட் குடுத்தாங்கன்னு, பிள்ள பிடிக்கவங்கன்னு நெனச்சு அடிச்சே கொன்னாங்களே. அதுக்கு முன்னால பல நாளு அந்த மாதிரி ஃபார்வேர்டு தான் ஊரு ஊரா சுத்திச்சு. அந்த வருஷம் தான் வாட்ஸ்அப்காரன் ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதுன்னு கொறச்சான். அத அனுப்புனவங்க யாரும் கெட்டவங்க இல்ல மக்கா, நம்மள மாதிரி பிள்ள பெத்தவங்க தான், பயத்துல அனுப்புனாங்க. ஒங்க ஆபீஸ்ல இருக்கவங்களும் கெட்டவங்களா இருக்க மாட்டாங்க, நீ கெட்டவ இல்லவே இல்ல.

வேலைய விடுன்னு சொல்லல. வாடகை, லோனு எல்லாம் எனக்குத் தெரியும். ஒனக்கு நல்ல கை இருக்கு, பத்து வார்த்தையில ஒரு ஆள நிறுத்தி வாசிக்க வைக்கத் தெரியுது, அது எல்லாத்துக்கும் வாய்க்காது. "வெந்தயம் சுகருக்கு எவ்வளவு உதவும், மாத்திரையோட எப்படிச் சேத்துக்கலாம்"னு வச்சிருந்தாலும் ஆளு வந்து படிச்சிருக்கும், ரெண்டு லட்சம் வராது, ஒரு இருபதாயிரம் வந்திருக்கும். அந்த இருபதாயிரம் பேரும் மாத்திரைய போட்டுக்கிட்டு இருப்பாங்க.

எங்க காலத்துல அச்சாயிட்டா போச்சு, கட்டு வேன்ல ஏறிட்டுன்னா கடவுளாலயும் மாத்த முடியாது, மறுநாள் மூலையில வருத்தம்னு போடுதது தான். ஒங்களுக்கு அப்படி இல்லல்லா, கம்ப்யூட்டர்ல இருக்கது தான. மேனேஜர்ட்ட பைய கேளு, எங்க அம்மைக்கு இப்படி ஆச்சுன்னு வேணும்னாலும் சொல்லு, நான் அம்மைகிட்ட பேசிக்கிடுதேன். தலைப்ப மாத்திட்டு லிங்க அனுப்பு, அத நம்ம குடும்ப குரூப்ல நானே போடுதேன்.

பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கெடைக்கலன்னா பஸ்ல வராத, ரெண்டு நாள் பிந்துனாலும் பரவால்ல.

அப்பா
சேர்மாதேவி