மருந்தின் பெயரையாவது சொல்லச் சொல்லுங்கள்: தோட்டத்து மருந்தடிக்கும் பெண்களின் கோரிக்கை மனு

பெறுநர்: தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார அதிகாரி அவர்கள்

பொருள்: களை மருந்தால் கை நகம் கழல்வது, மூக்கில் ரத்தம் வடிவது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட், லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அங்கே செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் களை மருந்து அடிக்கும் பெண்கள் நாங்கள். முன்பு கொடுத்த மனுக்களின் முத்திரை குத்திய நகல் கையில் இருக்கிறது, பதில்தான் வரவில்லை. மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. துணிக் கையுறைதான் தருகிறார்கள். சற்று நேரத்தில் மருந்தில் ஊறிவிடுகிறது.

2. மருந்தை ஸ்டோரிலேயே கலந்து, லேபிள் இல்லாத கேலனில் மண்டோர் (மேற்பார்வையாளர்) அனுப்புகிறார். பேராகுவாட் என்ற கடும் நச்சுக் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. இது அதுவா, வேறா? கேட்டால் “அடிக்கிற வேலையைப் பாரு” என்கிறார். கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்பதே “என்ன மருந்து அடிக்கிறீங்க?” என்பதுதான். பதில் தெரியாமல் விழிக்கிறோம். அவரும் அலர்ஜி என்று எழுதி, களிம்பும் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்து அனுப்பிவிடுகிறார். வேலையால் வந்த நோய் என்று காகிதத்தில் ஏறாமல், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் போய் என்ன கேட்பது?

3. எங்களில் ஒருத்திக்கு வலது கையில் மூன்று நகங்கள் கறுத்துக் கழன்றுவிட்டன. நகம் இருந்த இடத்தில் வெறும் சிவந்த சதை. குழம்புச் சோற்றைப் பிசைந்தால் உப்பும் காரமும் ஏறித் துடித்துப் போகிறாள், கரண்டியால்தான் சாப்பிடுகிறாள். மகளுக்குச் சடை பின்ன முடியாமல் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறாள். காலையில் அதே கையால் பம்பைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் சம்பளம் வெட்டு. இந்தக் கையை ஒருமுறை வந்து பார்க்கக் கூடாதா ஐயா? லிந்தாங் சாலை என்ன அவ்வளவு தூரமா?

4. கலனில் லேபிள், பாதுகாப்பு விவரத்தாள், அபாய மதிப்பீடு எல்லாம், உடல்நலத்துக்குக் கேடான ரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளில் முதலாளியின் கடமை. விபத்து, வேலை நோய் அறிவிப்பு பற்றிய 2004 விதிமுறைப்படி, வேலையால் வந்த நோயைக் காணும் டாக்டர் 7 நாளுக்குள் தங்கள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் கேட்க வேண்டியது யார்? நாங்களா?

தயவுசெய்து ஸ்டோரைத் திறந்து பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். சொல்லிவிட்டு வந்தால் கேலனெல்லாம் காணாமல் போய்விடும். மருந்தின் பெயரை எழுத்தில் வாங்கித் தாருங்கள், எங்கள் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடுங்கள். பெயரையாவது முதலில் வாங்கித் தாருங்கள் ஐயா, மற்றதை டாக்டரிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருந்தடிக்கும் பெண்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைப்பில்)